ஆறாம் மாடியில் ஒரு விமான இருக்கை

எங்கள் கட்டடத்தில் காரிலிருந்து கடைசியாக இறங்குகிற ஆள் ஸ்தாமென் கராஜோவ்தான். வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகும் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பார்.

"இறங்குங்க. ஏணி கொண்டாந்து சாத்தணுமா?" என்று அவர் மனைவி ஸ்ட்ராவ்கா வெளியே நின்று கேட்பாள். அப்படி உட்கார்ந்திருப்பது விமானி காலத்துப் பழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எழுபத்தொரு வயது. பத்தொன்பது ஆண்டுகள் போர் விமானம் ஓட்டியவர். கட்டடமே விமானத் தளத்துக் குடும்பங்களுக்காக எழுப்பியதுதான். தளத்தை மூடிவிட்டார்கள். ஆட்கள் மட்டும் அதே மாடிகளில் தங்கிவிட்டோம். மற்ற பழைய விமானிகள் சாயங்காலத்தில் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே புயலை வாரத்துக்கு இரண்டு முறை பேச்சிலேயே கடப்பார்கள். ஸ்தாமென் அங்கே உட்கார்ந்ததில்லை. தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மேலே போய்விடுவார்.

எண்பத்தேழில் நடந்த விபத்து எங்கள் எல்லோருக்கும் தெரியும். போர் விமானத்தின் இருக்கைக்கு அடியில் வெடிமருந்துக் குப்பி இருக்கும். ஆபத்தில் விமானி கைப்பிடியை இழுத்தால் இருக்கையே அவரைத் தூக்கி வானத்தில் எறியும். தரையில் நிற்கும்போது அது வெடிக்காமல் இருக்க, சிவப்பு நாடா கட்டிய மூன்று ஊசிகளைச் செருகி வைப்பார்கள். விமானம் தரையிறங்கி நின்றதும் பணியாளர் ஏணியில் ஏறி ஊசிகளைச் செருகி, ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணும்வரை விமானி அசையக் கூடாது. அன்று, தரையிறங்கிய ஒரு விமானத்தில் ஊசி செருகப் போன மெத்தோதி என்ற பணியாளர் மேல் இருக்கை வெடித்துக் கிளம்பியது. மனிதர் அங்கேயே இறந்துபோனார். 'பணியாளரின் கவனக்குறைவு' என்று விசாரணைக் குழு எழுதி முடித்தது. அந்த விமானத்தை ஓட்டி வந்தவர் ஸ்தாமென்.

மெத்தோதியின் மகள் ருமியானாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஊசியை மறந்தவன் மகள் என்ற பெயரோடு பள்ளிக்கூடம் போனாள், வளர்ந்தாள், தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் குடும்பத்துக்கு அடுப்பு ரிப்பேர் செய்ததும், குளிர்காலத்தில் விறகு சுமந்ததும், கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்று, வழக்கப்படி மணமக்களுக்கு ரொட்டியும் உப்பும் நீட்டியதும் ஸ்தாமென்தான். என்ன ஈரமான நெஞ்சு என்று எங்கள் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ருமியானாவின் புருஷன் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். வேலை முடிந்து வந்தால் அவளுக்குத் துணை கம்ப்யூட்டரில் ஓடுகிற விமான விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆறாம் மாடியில், அவள் வீட்டின் சின்ன அறையில், மூன்று திரைகள், பழைய அளவுமானிகள், கால் மிதிகள் என்று ஒரு விமானி அறையையே கட்டிவிட்டாள். ஞாயிறு நாலு மணிக்கு அவள் கிளப்பில் இருபது பேர் அவரவர் வீட்டிலிருந்து ஒன்றாகப் பறப்பார்கள்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு. குளிர்காலத்துக்குக் குடைமிளகாய் சுட்டு வைக்கிற சமயம். எல்லா பால்கனியிலும் புகை. மூன்றரை மணிக்கு ருமியானா நாலாம் மாடிக்கு, ஸ்தாமென் வீட்டுக்கு இறங்கி வந்தாள்.

"மாமா, உங்களுக்கு ஒரு பரிசு. சாவி கோத்துக்க நல்லா இருக்கும்."

அவர் உள்ளங்கையில் அவள் வைத்தது ஓர் ஊசி. சிவப்பு நாடா நிறம் வெளுத்திருந்தது.

ஸ்தாமென் ஊசியைத் திருப்பிப் பார்த்தார். "எங்கேருந்து வந்துச்சு?"

"நிஜ இருக்கை வாங்கியிருக்கேன். பழைய சாமான் விக்கிறவன் ரெண்டு வாரம் முன்னாடி கொண்டாந்து போட்டான். நாலு ஆள் தூக்கினாங்க, அத்தை பாத்தாங்களே."

"நான் ஃப்ரிட்ஜ்னு நெனச்சேன்" என்றாள் ஸ்ட்ராவ்கா, மிளகாயைத் திருப்பிக்கொண்டே.

"அடியில குப்பி?" என்றார் ஸ்தாமென்.

"எல்லாம் எடுத்தாச்சு. சர்ட்டிபிகேட்டே இருக்கு, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு. கைப்பிடியில ஒயர் கோத்திருக்கேன் மாமா. விளையாட்டுல குதிக்கணும்னா நிஜமாவே இழுக்கணும். இன்னும் இழுத்துப் பாக்கல. முதல் இழுப்பு இன்னிக்கு, கிளப்பு ஆளுங்க முன்னாடி."

"விமானம் அடிபடாம திரும்பி வந்துட்டா இழுக்க மாட்டியா?"

"வேணும்னே அடிபட மாட்டேன். ஆனா அடிபட்டாலும் சும்மா குதிச்சிட முடியாது. எங்க கிளப்புல சட்டம் இருக்கு. வீடுங்க மேல விமானத்தை விட்டுட்டுக் குதிச்சா ஆறு மாசம் பறக்க விடமாட்டாங்க. விமானிக்குப் பொறுப்பு வேணும்ல. கதவு திறந்தே கெடக்கும், வந்து பாருங்க."

அவள் போய்விட்டாள். ஸ்தாமென் ஊசியைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சர்ட்டிபிகேட் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குப்பியை எடுக்காமல் எவன் விற்பான் என்று சொல்லிக்கொண்டார். மேலே போனால் அந்த இருக்கையைப் பார்க்க வேண்டும். பார்த்தால் முப்பத்தாறு வருடம் அழுத்தி வைத்தது வாய்க்கு வந்துவிடும். அந்தப் பயம் அவரை எழவிடவில்லை.

"மூஞ்சி ஏன் சுண்ணாம்பு மாதிரி இருக்கு?" என்றாள் ஸ்ட்ராவ்கா. "மாத்திரை போட்டீங்களா?"

"ஸ்ட்ராவ்கா, முத்திரை குத்தின காகிதத்தை நீ நம்புவியா?"

"அதுல என்ன எழுதியிருக்குங்கறதைப் பொறுத்தது."

முத்திரை குத்திய காகிதம் எவ்வளவு பொய் சொல்லும் என்பது இந்த ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரே ஒன்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலைத் தாண்டி ஐந்து நிமிடம். ஸ்தாமென் எழுந்தார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் கதவுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம், குழந்தைச் சத்தம். ருமியானாவின் வீட்டுக்கு நேர் மேலே, ஏழாம் மாடியில், இரட்டைக் குழந்தைகள் பிறந்த வீடு. கைப்பிடிச்சுவரைப் பற்றிக்கொண்டு ஏறினார்.

சின்ன அறை இருட்டாக இருந்தது. திரைகளின் நீல வெளிச்சத்தில் இருக்கையின் முதுகு அவருக்குத் தெரிந்தது. காதில் பெரிய ஹெட்ஃபோனோடு அவள் உட்கார்ந்திருந்தாள். ஸ்தாமென் குனிந்து இருக்கைக்குப் பின்னால் உள்ள குழாயின் மூடியைப் பார்த்தார். குப்பியை வெளியே எடுக்க வேண்டுமானால் அந்த ஈய முத்திரையை உடைத்தாக வேண்டும்.

முத்திரை உடையவில்லை.

கத்தினால் ஹெட்ஃபோனில் கேட்காது. தோளைத் தொட்டால் திடுக்கிட்டு எதைப் பிடிப்பாள் என்று சொல்ல முடியாது. கைப்பிடி அவள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது.

அப்போது அவள் மைக்கில் பேசினாள். "ரெண்டாம் எண் பேசுறேன். அடிபட்டுட்டேன். எஞ்சின் எரியுது."

திரையில் தீ. கீழே சிவப்புக் கூரைகள்.

"இல்ல, இப்போ குதிக்க மாட்டேன். கீழே ஊர் இருக்கு. ஆத்தைத் தாண்டித் திருப்பிட்டுக் குதிக்கிறேன்."

ஸ்தாமென் தரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டியாலும் கையாலும் நகர்ந்து, அவள் கண்ணில் மெதுவாகப் படும்படி பக்கவாட்டில் வந்தார். அவள் ஒரு நொடி பார்த்துச் சிரித்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். மாமா கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்திருப்பாள். திரையில் கூரைகள் நகர்ந்துகொண்டிருந்தன. கோயில் கோபுரம் போனது. ஒரு பள்ளிக்கூடம் போனது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விமானத்தை ஆற்றுப் பக்கம் இழுத்தாள்.

கையிலிருந்த ஊசியின் முனையைக் கைப்பிடியின் ஊசித் துளையில் வைத்தார். பக்கத்து இரும்பில் பட்டு நழுவியது. மறுபடி வைத்தார். உள்ளே போகவில்லை. கைப்பிடி ஒரு மயிரிழை மேலே எழும்பி நின்றது. ஒயர் கோத்தபோது தூக்கியிருக்கிறாள். அதைக் கீழே அழுத்தினால்தான் துளை நேராகும். வெடிக்கத் தயாராக இருக்கிற கைப்பிடியை அழுத்த வேண்டும்.

"ஆறு வந்துடுச்சு" என்றாள் ருமியானா. அவள் வலது கை கீழே வந்தது.

ஸ்தாமென் இடது உள்ளங்கையால் கைப்பிடியை அழுத்தினார். ஊசியைத் தள்ளினார். அவள் விரல்கள் அவர் விரல்களுக்கு மேலேயே விழுந்து, பிடித்து, இழுத்தன.

கைப்பிடி அசையவில்லை.

திரையில் விமானம் சோளக்காட்டில் விழுந்து நெருப்பானது. ருமியானா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "மாமா, கையை ஏன் நடுவுல விட்டீங்க? செத்துட்டேன் பாருங்க. கிளப்பே சிரிக்குது."

"மத்த ரெண்டு ஊசி எங்கே?"

"ஆணியில தொங்குது. ஏன்?"

"அசையாதே. நான் சொல்ற வரைக்கும் மூச்சு மட்டும் விடு."

அவர் எழுந்துபோய் எடுத்து வந்து செருகினார். ஒவ்வொன்றின் நாடாவையும் அவள் முகத்துக்கு நேரே காட்டி எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. இப்போ இறங்கு." சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இருக்கையிலிருந்து இறங்கியவள் போனைத் தேடி எடுத்து ராணுவத்துக்குச் சொன்னாள்.

ஒரு மணி நேரத்தில் ராணுவ வண்டி வந்தது. கட்டடம் முழுவதையும் காலி செய்து முற்றத்தில் நிறுத்தினார்கள். ஏழாம் மாடிக்காரி இரண்டு குழந்தைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மேலே அணைக்க மறந்த அடுப்புகளில் மிளகாய் கருகும் வாசனை. குப்பியை ஒரு மணல் பெட்டியில் வைத்து, கைக்குழந்தையைச் சுமப்பதுபோல இரண்டு சிப்பாய்கள் கீழே கொண்டு வந்தார்கள்.

"மருந்து கெட்டுப்போகவே இல்லை" என்றார் இளம் கேப்டன். "இழுத்திருந்தா ஏழாம் மாடித் தரையையும் உடைச்சிக்கிட்டுப் போயிருக்கும்." பிறகு வண்டியின் முன்பக்கத்தில் படிவத்தை வைத்து எழுதத் தொடங்கினார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். "காரணம், உரிமையாளரின் கவனக்குறைவு."

ருமியானா தலை குனிந்து நின்றாள்.

கூட்டத்தில் பென்ஷன்காரர் கிரில் பல்லிடுக்கில் பேசினார். "ஊசியை மறக்கறது அந்தக் குடும்பத்து வழக்கம். அப்பன் தளத்துல மறந்தான், மக வீட்டுக்குள்ளயே மறந்தா."

நாங்கள் யாரும் அவரை அடக்கவில்லை. அதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"மெத்தோதி மறக்கல" என்றார் ஸ்தாமென்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் முற்றம் முழுக்கக் கேட்டது. ஸ்ட்ராவ்கா அவர் கையைப் பிடித்தாள். "வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு உடம்பு சரியில்ல."

"விடு. மெத்தோதி ஊசியோடதான் ஏறி வந்தான். அவன் செருகற வரைக்கும் நான் உக்காந்திருக்கணும். உக்காரல. எழுந்தேன். பெல்ட்டைச் சரியாக் கழட்டல, அது கைப்பிடியில மாட்டியிருந்துச்சு. அவனைத் தாண்டி ஏணியில இறங்கினேன். பெல்ட்டு கைப்பிடியை இழுத்துப் பாதியில நிறுத்தியிருக்கு. அவன் குனிஞ்சு தொட்டதும் மிச்சமும் போச்சு. விசாரணையில, அவன் எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் உக்காந்துதான் இருந்தேன், அப்புறம்தான் இறங்கினேன், அவன்தான் தப்பா செருகினான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

ருமியானா அவரையே பார்த்தாள். அழவில்லை. கேட்ட குரல் தபால் நிலையத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரல் போல இருந்தது.

"அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

"பயம்."

"என்ன பயம்?"

"வானத்துல எஞ்சின் ரெண்டு தடவை நின்னுச்சு. மலைக்கு மேல. எப்படி எறக்கினேன்னு தெரியல. தரையில விமானம் நின்னதும் அந்தக் கூண்டுக்குள்ள ஒரு நொடிகூட இருக்க முடியல. பயந்தேன்னு சொன்னா அதுக்கப்புறம் பறக்க விட மாட்டாங்க. அதுக்காக உன் அப்பனை விட்டுக் கொடுத்தேன்."

"நீங்க பயந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். என் மூஞ்சியைப் பாத்தான். 'போங்க, போய்த் தண்ணி குடிங்க, நான் பாத்துக்கறேன்'னு சொன்னான். அதுதான் அவன் கடைசியாப் பேசினது."

ருமியானா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அவரை அறைவாள் என்று நான் எதிர்பார்த்தேன். மன்னிப்பாள் என்று என் பக்கத்தில் நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் இரண்டும் செய்யாமல் கேப்டனிடம் திரும்பினாள்.

"சார், இவர் சொன்னதை எழுதிக்குங்க."

கேப்டன் தொண்டையைச் செருமினார். "அம்மா, இது அந்த இருக்கை சம்பந்தமான படிவம். பழைய கேஸுக்கு வேற இடம் இருக்கு."

"இதுல என் பேரை எழுதிட்டீங்க. அதை நான் ஒத்துக்கறேன், என் தப்புதான். ஏழாம் மாடிக் குழந்தைங்களைக் கொன்னிருப்பேன். இப்போ வேற காகிதம் எடுங்க. எந்த இடத்துக்கு அனுப்பணும்னு சொல்லுங்க, நாளைக்கு என் கையால நானே முத்திரை குத்தி அனுப்பறேன்."

கேப்டன் ஸ்தாமெனைப் பார்த்தார். ஸ்தாமென் தலையை அசைத்தார். வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாய் தன் பெட்டியைப் போட்டு அவரை உட்கார வைத்தான். கிரில் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்துபோனார்.

கேப்டன் புதுத் தாளை மடித்து ஓரத்தை நேராக்கினார். "உங்க முழுப் பேர் சொல்லுங்க."

"முதல்ல என் அப்பா பேர்" என்றாள் ருமியானா.

ஸ்தாமென் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி. கேப்டன் எழுதுவதை அவள் அவர் தோளுக்கு மேலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.