இடப்பக்கம் சாய்ந்த விமானம்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் சார்லஸைத் தெரியாதவர் இருக்கலாம். அவருடைய விமானத்தைத் தெரியாத ஆள் கிடையாது. வளைகுடாவில் விமான மெக்கானிக்காக ஆயுசில் பாதியைத் தனியாகக் கழித்த மனுசன், ஊர் திரும்பியதும் மாடி வீடு கட்டுவார் என்று பார்த்தால், முந்திரித் தோப்புக்குள் கொட்டகை போட்டு, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் குட்டி விமானத்தைக் கட்டினார். பறக்கக் கற்று, அனுமதியும் வாங்கி, செம்மண் பொட்டலில் ஓடுபாதையும் போட்டாயிற்று.

பறந்தது. ஆனால் ஓட்டுகிற ஸ்டிக்கைக் கைவிட்டால் போதும், சண்டிமாடு மாதிரி இடப்பக்கமே சாய்ந்தது.

மனைவி அடைக்கலமேரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “கையை விட்டாலும் நேரா போகணும். அன்னைக்கு ஏறுறேன்.”

மேரியை ஏற்றிக்கொண்டு போகத்தானே இத்தனை பாடு! மேரி ஏறாவிட்டால் அது வெறும் தகரம்.

சார்லஸ் இறக்கைகளை அளந்தார், மூட்டுகளைப் பிரித்துப் பூட்டினார். பக்கத்துத் தோப்பு மூக்காயி, “கண்ணு பட்டிருக்கும் தம்பி, பூசணிக்கா சுத்தி ஒடைங்க” என்றாள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் என்றும் பாராமல் அதையும் உடைத்தார். விமானம் சாய்ந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் இடது இறக்கையின் பின்விளிம்பில் சின்ன அலுமினியத் தகட்டை டேப்பால் ஒட்டி, மெல்ல மெல்லக் கீழே வளைத்தார். பறந்து பார்த்துக் கையை விட்டார். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை சார்லஸ் வழக்கம்போல் இடது இருக்கையில் உட்கார, மேரி ஜெபமாலையோடு வலது இருக்கையில் ஏறினார். மேலே போனதும் சார்லஸ் பெருமையாகக் கையை விட்டார். விமானம் வலப்பக்கம் சாய்ந்தது!

அவசரமாக நிமிர்த்திக் கீழே இறக்கினார். முகம் செத்துப்போயிற்று.

“எம் எடையைச் சொல்லிக் காட்டுறீங்களா?” என்றார் மேரி. பிறகு யோசித்து, “நீங்க சரிபாத்தப்ப இந்த சீட்ல யாரு இருந்தா?”

“யாருமில்ல.”

“அதான். ஒத்தையா இருந்தே பழகிட்டீங்க. இதையும் ஒத்தை ஆளுக்குத்தான் நேராக்கியிருக்கீங்க.”

அடப்பாவி, இரண்டு இருக்கை வைத்ததும் நான், ஒன்றை மறந்ததும் நானா என்று சார்லஸ் தலையில் அடித்துக்கொண்டார். தகட்டைப் பிய்த்து எறிந்தார். மேரி இறங்கவே இல்லை. “ம், கெளப்புங்க” என்றார்.

இந்த முறை கையை விட்டதும் விமானம் அசையாமல் நேராகப் போனது. கீழே முந்திரித் தோப்பும் குளமும் வெயிலில் மின்ன, மேரி சின்னப் பிள்ளையாய்ச் சிரித்தார். சார்லஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பின் தகடு ஒட்டவே இல்லை. தனியாகப் பறக்கும் நாளில் வலது இருக்கையில் முந்திரிக்கொட்டை மூட்டையை வைத்து பெல்ட் போடுவார். ஆனால் இஞ்சின் சத்தம் கேட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு மேரி வந்துவிடுவார்.

“அந்த மூட்டைய எறக்குங்க. நான் வாரேன்.”