உத்தியோகத்துக்கு ஏற்ற நிறம்

கருங்கல் ஊரில் எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு தலைமையாசிரியை ஆனவர் நல்ல கறுப்பு. கணக்கு டீச்சராக இருந்தவரை அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. கறுப்பி கணக்குப் போடலாம். கையெழுத்துப் போட்டால்தான் நம்மவர்களுக்குச் செரிக்காது.

பெற்றோர் அறைக்குள் வருவார்கள். நாற்காலியில் இருக்கும் அவரைத் தாண்டி, ஃபைலோடு நிற்கும் சிவத்த கிளார்க் பெண்ணைக் கும்பிட்டு, "மேடம், டி.சி. வேணும்" என்பார்கள். அந்தப் பெண் நெளிவாள். பதவி உயர்ந்த ஆறே மாதத்தில் தலைமையாசிரியைக்கு இரத்த அழுத்தமும் உயர்ந்தது. அந்தக் கும்பிடை நான் ஸ்டாஃப் ரூமில் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன். முப்பது வருடம் புத்தகம் படித்தவனின் பங்களிப்பு அவ்வளவுதான்.

ஆண்டு விழாவுக்கு பிளக்ஸ் அடிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அவர் படமும், ஓய்வுபெறும் துப்புரவுப் பணியாளரின் படமும். வடசேரி பிளக்ஸ் கடைக்காரர் தலைமையாசிரியையின் முகத்தை மட்டும் கணினியில் இரண்டு தட்டு தட்டினார். பால் கூடிய சாயா நிறம் வந்தது.

"மத்தவங்களுக்கு?"

"அவங்க தூத்துவாரவங்கதானே சார்? எச்.எம்.முன்னா ஒரு எடுப்பு வேண்டாமா?"

நானும் "கொள்ளாம்" என்று மெச்சித் தலையாட்டினேன்.

விழா நாள் காலையில் தலைமையாசிரியை பள்ளி வாசலில் பிளக்ஸை அண்ணாந்து பார்த்து நின்றார்.

"சார், ஆரு இது?"

"டீச்சர்தான். லைட்டிங் கொஞ்சம் கூடிப்போச்சு."

"பக்கத்துல நிக்க அக்காவுக்கு மட்டும் கறண்டு இல்லியோ?"

தாளாளர் சமாதானத்துக்கு வந்தார். "இருக்கட்டும் டீச்சர். பாக்க ஒரு ஐசுவரியம் உண்டுல்லா."

"அப்போ அந்த ஐசுவரியமே தலைமை தாங்கட்டும். எனக்க மொகம் அங்க ஏறாம நான் மேடை ஏறமாட்டேன்."

விழா நாலு மணிக்கு. ஏணியில் என் தொப்பையையும் ஏற்றி நானே பிளக்ஸின் கயிற்றை அறுத்தேன். வடசேரிக்கு ஓடினேன். "உள்ள கலரையே போடும்" என்றதும் கடைக்காரர் எச்சரித்தார்: "பொறவு எங்களக் கொற சொல்லப்பிடாது."

மூன்றரைக்குப் புதிய பிளக்ஸ் ஏறியது. தலைமையாசிரியை ஒரு முறை பார்த்தார், மேடைக்கு நடந்தார். வழியில் ஒரு மாணவியின் தகப்பனார் மறித்தார், பரிவோடுதான்.

"டீச்சருக்கு சுகமில்லியா? காலம்பற போர்டுல நல்லா இருந்தீங்களே."

"அது வேற ஆளு. அவங்களுக்குத்தான் சுகமில்லாம எறக்கிக் கெடத்தியிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மேடையேறினார்.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.