அஞ்சலையக்காவின் மூன்று முழுக்கு

ஆஸ்திரேலியாவில் ஒரு கடைக்குள் நுழைந்து இரண்டு நிமிடம் சும்மா நின்றால் போதும், யாராவது அருகில் வந்து “யூ ரைட்?” என்று கேட்பார்கள். ஏதாவது வேண்டுமா, சிரமம் ஒன்றும் இல்லையே என்பதுதான் அதன் பொருள். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒன்பது ஆண்டுகள் தமிழ் நாளிதழ் ஒன்றின் நிருபராக இருந்தவன் நான். ரைட் என்றால் எனக்கு உரிமை. மனுக்களிலும் தீர்ப்புகளிலும் பார்த்த சொல். அலமாரிகளுக்கு நடுவே நின்றவனிடம் ஒரு பெண் அதைக் கேட்டதும், அங்கே நிற்க எனக்கு உரிமை உண்டா என்று கேட்கிறாள் என நினைத்து, பையிலிருந்த விசா நகலை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அரிசி எந்த வரிசையில் இருக்கிறது என்று காட்டினாள்.

இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சென்ற மாசியில் என் அக்கா அஞ்சலை ஒரு மாத விடுப்பில் வந்திருந்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். முப்பது ஆண்டுகளாக ஊரிலிருந்து நகரப் பேருந்தில் போய்வருகிறாள். வந்த இரண்டாம் நாளே நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, மாசி மகத்தன்று கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். “வேடிக்கை பாக்க இல்லடா. எறங்கணும். மூணு முழுக்கு போடணும்” என்றாள். நான் சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மாசி மகத்துக்கு ஊர்ச் சாமி டிராக்டரில் ஏறிக் கடலுக்குப் போகும். பின்னாலேயே ஊர் போகும், அதற்கும் பின்னால் காலனி போகும். சாமி தீர்த்தமாடி, ஊரார் குளித்துக் கரையேறிய பிறகுதான் நாங்கள் இறங்க வேண்டும். அதுவரை மணல்மேட்டில் நிற்போம். இதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்திருக்கலாம். அக்காவுக்குப் பத்தொன்பது வயதான ஆண்டு வெயில் கடுமையாக இருந்தது. அவள் மேட்டிலிருந்து இறங்கிப் போய் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுவிட்டாள். “யார்டி அவ? சாமியே இன்னும் ஏறல, ஏறுடி மேல” என்று ஒரு குரல் வந்தது. அடிக்கவில்லை, தள்ளவில்லை. எங்கள் அப்பா ஓடிப்போய்க் கைகூப்பி, “தெரியாம எறங்கிடுச்சிங்க, கொழந்த” என்றார். தெரிந்தேதான் இறங்கினாள். அந்த மன்னிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு எந்த மாசி மகத்துக்கும் அவள் கடலுக்குப் போனதில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

நிருபரான பிறகு ஆண்டுதோறும் அந்தச் செய்தியை நானே எழுதினேன். திரளான பக்தர்கள் புனித நீராடினர், போலீசார் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டனர். ஒருமுறை மட்டும் கடைசியில் ஒரு பத்தி சேர்த்து அனுப்பினேன்: காலனி மக்கள் இரண்டரை மணி நேரம் மேட்டில் காத்திருந்தனர், ஊரார் கரையேறிய பிறகே அவர்கள் இறங்கினர். மறுநாள் நாளிதழில் போலீஸ் பாதுகாப்பு வரை இருந்தது. இடமில்லை என்றார்கள். இங்கே இடமிருக்கிறது, எழுதிவிட்டேன்.

நாங்கள் போனது சிட்னிக்குத் தெற்கே இரண்டு மணி நேர தூரத்தில் உள்ள பாதுகாக்கப்பட்ட கடற்கரைக்கு. மரக்காணத்தைப் போலவே கிழக்குப் பார்த்த கடல். சிப்பி பொறுக்கக் கூடாது, நாய் கூடாது, பாறைப் பக்கம் மீன் பிடிக்கக் கூடாது என்று நுழைவாயிலில் ஒரு பலகை. அதன் கீழே, இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை செலுத்துகிறோம் என்று இரண்டு வரி. நிலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, பத்தி மட்டும் அச்சாகியிருக்கிறது. பலகையைத் தாண்டி இறங்கினால் மணலில் ஒரு பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அக்கா நின்றுவிட்டாள். அவள் காலுக்குக் கயிறு என்றால் என்னவென்று தெரியும்.

“யாருக்குடா இது?”

“குருவிக்குக்கா. மணல்ல முட்ட போட்டிருக்கு. மிதிச்சிடக் கூடாதுன்னு.”

கயிற்றுக்கு அப்பால் மணல் நிறத்தில் ஓடிய சின்னப் பறவையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இன்னா ஜாதியாம்?” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “முட்டைக்குன்னா சரி” என்று கயிற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். இழுத்துச் செருகிய பருத்திச் சேலை, முழங்காலுக்கு மேல் தண்ணீர். அப்போதுதான் தூரத்திலிருந்து உயிர்காப்புக் காவலர், ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், கையை உயர்த்திக் கத்தினாள்: “யூ ரைட்?” அக்கா அந்தக் குரலைக் கேட்டாள். முப்பது ஆண்டுகளாகப் பேருந்துப் படிக்கட்டில் நடத்துநர் சொல்லக் கேட்ட சொல். ரைட் என்றால் போகலாம். திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னும் நாலடி உள்ளே போனாள். “ரைட்?” என்று மறுபடியும் குரல். மறுபடியும் நாலடி. இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் ஆரஞ்சு நிற மிதவையோடு ஓடிவந்து தண்ணீரில் பாய்ந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

கரைக்கு இழுத்துவரப்பட்ட அக்காவின் முகத்தை விவரிக்க நான் விரும்பவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே முகம். காவலர் என்னிடம் மூச்சிரைக்கப் பேசினாள். அந்த இடத்தில் அடிநீரோட்டம் கடலுக்குள் இழுக்கும். நனைந்த துணி ஆளை அமுக்கும். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருக்கிறது, அவற்றுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, அவர் சாவதற்காகவா போனார் என்று கேட்டாள். இல்லை, குளிப்பதற்காக என்றேன். புடவையை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா சொல்றா?” என்றாள் அக்கா.

“இங்க எறங்கக் கூடாதாம். அந்தாண்ட போவணுமாம்.”

அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டாள். “இங்கயும் நமக்கு அந்தாண்டதானா? இதுக்காடா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்? நா வர்ல, போ.”

அப்பாவைப் போல நான் கைகூப்பவில்லை. ஆனால் சண்டைக்கும் போகவில்லை. தொழில் பழக்கம், முதலில் சரிபார்த்தேன். கால் மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காவலரையே கவனித்தேன். நாங்கள் நின்ற இடத்தில் இறங்கிய ஒரு வெள்ளைக்காரத் தந்தையையும் அவர் இரு மகள்களையும் விசில் ஊதிக் கொடிக்கு நடுவே துரத்தினாள். ஒரு மீசைக்காரர் வாதாடிப் பார்த்தார், அவரையும் விடவில்லை. அவர் முனகிக்கொண்டே நடந்தார். “பாரு, எல்லாரையும்தான் வெரட்டுது” என்றேன். அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “அந்த மீசைக்காரன் திட்டிக்கினே போறான் பாரு” என்றாள். முகத்தில் ஏதோ தெளிந்தது. எழுந்தாள்.

கொடிகளுக்கு நடுவில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். சேலை கட்டியவள் இவள் ஒருத்திதான். பக்கத்திலிருந்த ஒருவன் தன் நண்பனிடம் எங்களுக்குக் கேட்கும்படி, இது கங்கை இல்லை என்றான். அக்கா என்னைப் பார்த்தாள். மொழிபெயர்த்தேன். “நா எந்த கங்கையக் கண்டேன்? பெண்ணையாத்துல தண்ணி வந்தாலே எங்களுக்குத் திருவிழான்னு சொல்லு அவங்கிட்ட” என்றாள். சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. புரிய வைப்பது எங்கள் வேலை இல்லை. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முழுகினாள். அவசரமே இல்லை. இரண்டாவது முழுக்குக்கும் மூன்றாவதற்கும் நடுவே நின்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள், யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று. யாரும் சொல்லவில்லை.

உடைமாற்றும் அறையிலிருந்து வேறு சேலையில் வந்தவள், நனைந்த சேலையைப் பிழிந்து ஒரு தலைப்பை என் கையில் கொடுத்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் எதிரெதிரே நின்று காற்றுக்கு விரித்துப் பிடித்தோம்.

“திருப்தியாக்கா?”

“இதுல இன்னாடா திருப்தி? இங்க எறங்குனா யார் கேக்கப் போறான்? வர்ற மாசி மகத்துக்கு நம்மூர்ல எறங்குவேன். சாமி எறங்கசொல்லோ கூடவே எறங்குவேன்.”

“ஏறுடின்னு சொன்னா?”

“சொல்லட்டும். தெரிஞ்சிதான் எறங்கினேன்னு சொல்றதுக்கு இந்த தடவ நானே இருக்கேன். நீ வர்றியா?”

விடுப்பு, விமானக் கட்டணம், கிடங்கின் பணிப்பட்டியல் என்று எனக்குப் பதில்கள் தோன்றின. அதற்குள் கடற்காற்று பலமாக அடித்தது. ஐந்தரை மீட்டர் சேலை எங்களுக்கு நடுவே வீங்கி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. “விட்டுடாதடா, இழுத்துப் புடி” என்று அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. கால்களை அகட்டி ஊன்றி, என் தலைப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.