கேட்கும் வரை கொடுக்காத தெரு

ராயபுரத்தில் ஒரு மளிகைக் கடை வாசலில் நேரம் நின்றுபோனதைப் பார்த்தேன். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

பொய்யில்லை. அண்ணாச்சியின் கை தேன்மிட்டாய் பாட்டிலுக்குள் இருக்கிறது... வெளியே வரவே இல்லை. எதிரில் நாலு வயது ஷெரின், பாட்டிலையே அண்ணாந்து பார்த்தபடி. பால் பாக்கெட் வாங்க வந்தவர் காசை நீட்டியபடி நிற்கிறார். கடல் பக்கமிருந்து வந்த ஈரத்தில் தெருவே கலங்கலாக, அரைத் தூக்கத்தில் பார்ப்பது போல இருந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. அண்ணாச்சியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, அப்படியே நின்னுட்டீங்க?" என்றேன்.

"செத்த பேசாம இருங்கம்மா. முருகன் பேரச் சொல்லிக்கிட்டிருக்கேம்லா... பாதியில விட்டா மறுபடி மொதல்லேருந்து சொல்லணும்!"

மிட்டாய் பாட்டிலுக்குள் கைவிட்டுக்கொண்டு என்ன பக்தி? விஷயம் இதுதான்.

ஷெரினின் அம்மா ரோஸியிடம்தான் ஞாயிறுதோறும் எனக்கு மீன். திருவொற்றியூரில் மீனே கிடைக்காதா என்று வீட்டில் கேட்பார்கள். கிடைக்கும். ஆனால் ரோஸியின் வாய் கிடைக்காதே! வீட்டு வாசலிலேயே பலகை போட்டு, வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். கணவர் போட்டில் கடலுக்குப் போகிறவர். ஒரே பெண் ஷெரின். அவளுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போதாவது திரும்புவாள். மற்ற நேரமெல்லாம் அவள் வேறெங்கோ, அவளுக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில் இருப்பாள்.

ஆனால் அந்தத் தெருவில் அவள் பேசவேண்டிய அவசியம் என்ன? அண்ணாச்சி கடை முன்னால் நின்றால் தேன்மிட்டாய். எதிர்வீட்டு பிலோமினா வாசலில் நின்றால் தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கினால் கடற்கரை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அவள் நினைத்து முடிப்பதற்குள் கையில் வந்துவிடும்.

பிறகு ரோஸிக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது. கணவரும் கடலில். ஷெரினை எண்ணூரில் ரோஸியின் தங்கை வீட்டில் விட்டார்கள். அங்கே அவள் போய் வாசற்படியில் நின்றிருக்கிறாள்... நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். 'எவ்வளவு சமத்தா நிக்குது பாரு' என்று அந்த வீட்டில் மெச்சிக்கொண்டார்களாம். சாயங்காலம் உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்ட பிறகுதான் புரிந்திருக்கிறது — குழந்தைக்குத் தாகம்.

இதைச் சொன்னபோது ரோஸி மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"தாகமா கீதுன்னு சொல்லத் தெரில யக்கா எம் பொண்ணுக்கு. நான் இல்லாங்காட்டி இவ கதி இன்னா? இந்தத் தெருவ தூக்கினு பின்னாடியே வருவாங்களா?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?

தெரிந்தவர் கவிதா மிஸ். வளர்ச்சியில் கொஞ்சம் தாமதமாகிற சின்னக் குழந்தைகளுக்காகத் திருவொற்றியூரில் ஒரு மையம் இருக்கிறது. அங்கே வேலை. குழந்தை மையத்துக்குப் போவதோடு சரி என்றில்லை. மிஸ்ஸும் வாரம் ஒருமுறை குழந்தையின் தெருவுக்கு வருவார். வந்தவர் ஷெரினை மட்டும் பார்க்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தெருவையும் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

"அவ கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடறீங்க. அப்புறம் அவ எதுக்குக் கேக்கணும்?"

தெரு திருதிருவென்று விழித்தது.

"கொஞ்சம் பொறுங்க. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி அவ முகத்தைப் பாத்துக்கிட்டு நில்லுங்க. வாயாலதான் கேக்கணும்னு இல்ல. கை காட்டினாலும், உங்க கையைத் தொட்டாலும் அது கேட்டதுதான்... உடனே குடுத்துடணும். கேக்கலைனாலும் வாட விடாதீங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டுக் குடுங்க."

"கொஞ்ச நேரம்னா எவ்ளோ நேரம் மிஸ்?" — இது பிலோமினா. அவரே பதிலும் சொல்லிவிட்டார். "ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்ற நேரம் போதுமா?"

மிஸ் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சிரித்தார். போதும் என்றார். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு அதுதான் கடிகாரம். அண்ணாச்சிக்கு அந்த ஜெபம் தெரியாது, அவருக்கு முருகன்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? செய்து பாருங்கள்! நாமெல்லாம் யார்? போதும் போதும் என்று இலையை மறைத்தால் விரலிடுக்கில் குழம்பை ஊற்றுகிற ஜனங்கள். நம்மிடம் போய், ஒரு குழந்தை ஆசையோடு நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நில் என்றால்?

நடக்குமா? நடக்கவில்லை. ஒருநாள் ஷெரினின் கவுனைத் துவைக்க எடுத்தால் பாக்கெட் முழுக்கப் பிசுபிசுப்பு — தேன்மிட்டாய், பாதி பிஸ்கெட், ஒரு பேரீச்சம்பழம். 'நான் ஒருத்தர் குடுத்தா என்ன ஆயிடும்' என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள். ரோஸி நடுத்தெருவில் இறங்கிவிட்டாள்.

"அல்லாரும் சேந்து இன்னா பேஜார் பண்ணினுகீறீங்க?"

"நான் ஜெபம் சொல்லிட்டுதான்டி குடுத்தேன்!" — பிலோமினா.

"சொன்ன... ரயிலப் புடிக்கப் போறவ மாதிரி!"

தெருவே சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் ஏமாற்றவில்லை. நான் பார்த்த அந்த ஞாயிறு, அண்ணாச்சி முருகனை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் ஷெரினின் சின்னக் கை மெல்ல எழுந்து அவர் மணிக்கட்டில் உட்கார்ந்தது. அவ்வளவுதான். அண்ணாச்சி பாட்டிலோடு தூக்கிக் கொடுத்துவிட்டார், மனுஷன்! பால் பாக்கெட்காரர் மூக்கை உறிஞ்சினார். நான் மட்டும் என்ன? எனக்கும் கண் கலங்கித்தான் போனது.

ரோஸிக்கு மட்டும் மனசு நிறையவில்லை.

"அண்ணாச்சி எங்க தெரு ஆளுக்கா. அவராண்ட கேட்டா ஆச்சா? நம்மள யாருன்னே தெரியாதவங்களாண்ட கேக்கணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

போன வியாழக்கிழமை மையத்துக்கு வந்தவள், பக்கம்தானே என்று என்னையும் கூப்பிட்டாள். போனேன். ரோஸி உள்ளறையில் மிஸ்ஸோடு பேசிக்கொண்டிருந்தாள். முன்ஹாலில், பாயில், நானும் ஷெரினும். கொஞ்சம் தள்ளி, மணலி புதுநகரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், மடியில் தூங்கும் மகனோடு. டிரெய்லர் லாரிகளின் புழுதிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். மின்விசிறி மெல்லச் சுற்றியது. யாரோ ஒரு குழந்தை மணிகளைத் தட்டில் கொட்டி, அள்ளி, மறுபடி கொட்டியது. எனக்கே கண் சொருகியது.

ஷெரின் எழுந்தாள். சாத்திய ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது — என்ன வேணும் கண்ணு என்று பாய்ந்துவிடலாமா? அடக்கிக்கொண்டேன்.

அவள் அந்த மணலிப் பெண்ணிடம் போய் நின்றாள். அவர் விரலைப் பிடித்தாள். இழுத்தாள். அவர் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, அவள் பின்னாலேயே போனார். ஜன்னலுக்குக் கீழே நின்று ஷெரின் அந்தக் கையைத் தாழ்ப்பாள் பக்கம் தள்ளினாள். பிறகு — நிமிர்ந்து, முன்பின் தெரியாத அந்த முகத்தைப் பார்த்தாள்.

"தொறக்கணுமா ராசாத்தி?"

திறந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் கடல். மதிய வெயிலில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் அசையாமல் மிதந்தன. காற்று வந்து ஷெரினின் முடியைக் கலைத்தது. அவள் வாயைத் திறந்து காற்றைக் குடித்தாள். தான் என்ன செய்தோம் என்றே தெரியாமல் அந்தப் பெண் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார்.

உள்ளறை வாசலில் ரோஸி. எப்போது வந்தாளோ... வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது.

"பாத்தியா ரோஸி?" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

"தண்ணி கேக்கத் தெரிஞ்சா போதும்னு மாதாவாண்ட அழுதுகினு இருந்தேன் யக்கா... இவ இன்னாடான்னா கடலயே கேட்டுட்டா!"