தேநீர் விழுந்த நட்சத்திரம்

பெருநாளைக்கு அயல்வீடுகளுக்கு இனிப்பாக அனுப்பும் வட்டிலப்பப் பெட்டிகளில் ஒட்டுவதற்கு, நான் வீட்டிலேயே ஸ்டிக்கர் செய்து விற்பேன். கையால் கீறி, போனில் படமெடுத்து, ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து, கத்தரியால் வெட்டியெடுப்பேன். இம்முறை கீறிய பிறைக்குப் பக்கத்தில் ஒரு துளி தேநீர் விழுந்துவிட்டது. அந்தக் கறையையே கோணல் நட்சத்திரமாக்கினேன்.

பக்கத்தில் இருந்து பார்த்த தோழி றிஸ்னா, "படத்த எனக்கும் அனுப்புடி, சும்மா ஆசைக்கு வெச்சிக்கிறன்" என்றாள். அனுப்பினேன். நனைந்தாலும் உரியாதபடி மேலே கண்ணாடித் தாள் ஒட்டும் விதத்தையும் காட்டிக்கொடுத்தேன்.

பெருநாளன்று அவளுடைய மாமியார் எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார். மூடியில் என் பிறை, அதே கோணல் நட்சத்திரம். கீழே றிஸ்னாவின் பெயர்.

"எங்கட மருமகள்தான் கீறின. நிந்தவூர்க் கடைக்காரரெல்லாம் அவக்கிட்டத்தான் எடுக்கிற. வடிவா இரிக்கா புள்ள?"

"ஓம் மாமி, நல்ல வடிவு" என்றேன். நல்ல நாளில் அந்த மனுசியின் முகத்தை வாடவைக்க மனம் வரவில்லை.

அவர் போனதும் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். மூடியைத் தண்ணீரில் ஊறவைத்தும் பார்த்தேன். அசையவே இல்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.