வலைக்குக் கீழே விழுந்த கறுப்பு

சுனாமி கொண்டுபோன வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம். சண்டையும் முடிந்தபாடில்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் இருந்து, கட்டப்போகிற வீட்டைக் கட்டி முடித்த வீடுபோலக் கணினியில் படமாக்கிக் கொடுத்தேன். யாரும் கற்றுத்தரவில்லை, தட்டித் தட்டிப் பழகியதுதான்.

நாவற்குடாவில் தகரக் கொட்டிலில் இருந்த மாமி ஒருவர் தன் வீட்டுப் படத்துக்கு ஒன்றே ஒன்று கேட்டார்: "வளவுக்க வலை காயணும் மனே. வலை இல்லாட்டி அது எங்கட வீடில்ல."

முடிச்சு முடிச்சாக வலை பின்ன என் கணினிக்குச் சீவன் போதாது. தட்டையான பலகை ஒன்றில் வலையின் படத்தை ஒட்டி, கண்ணிகளின் நடுவை மட்டும் கண்ணாடிபோல ஆக்கினேன். பார்த்தால் அசல் வலை. நிழல் மட்டும் பலகையின் நிழலாகவே, மணலில் கன்னங்கரேலென்று நீள்சதுரமாக விழுந்தது. நிழல்தானே என்று விட்டுவிட்டு, அச்செடுத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

பாலத்தடிச் சென்றியில் மறித்துச் சோதனை போட்டு, படத்தை விரித்த ஆமிக்காரன் அந்தக் கறுப்பில் விரலை வைத்தான்.

"இது என்ன? பங்கர்?" பதுங்குகுழி என்று நினைத்துவிட்டான்.

"நிழல் சேர். வலையிட நிழல்."

"வலை ஓட்டை இருக்கு. நிழல் ஓட்டை இல்லை. ஏன்?"

நியாயமான கேள்வி. பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகிக்கொண்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே அரண்டவர்கள் இரண்டு பேர்: அவன் என் படத்துக்கு, நான் அவனுக்கு.

என் அடையாள அட்டையைத் தன் சட்டைப்பையில் போட்டான். "அஞ்சு மணி வரை நான் இருக்கு. சரியான படம் கொண்டு வா."

அட்டை இல்லாதவன் அந்த நாட்களில் ஆளே இல்லை. சுற்றிவளைப்பில் அகப்பட்டால் வீட்டுக்குத் திரும்புவது நிச்சயமில்லை.

"படம் கீறிச் சாகப்போற முதல் ஆள் நீதான்கா" என்றார், திரும்பி ஓடி வந்த என்னைப் பார்த்த கடை முதலாளி.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிழை பிடிபட்டது. ஓட்டை எங்கெங்கே என்று பார்க்கிற கண்ணுக்குச் சொல்லியிருந்தேன், வெளிச்சத்துக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு கதிரும் பலகையைத் தொட்டு, இங்கே நூலா ஓட்டையா என்று கேட்டுப் போகும்படி நிழலின் முறையை மாற்றினேன். அதற்கு மணிக்கணக்கில் எடுக்கும். கரண்ட் போனால் முதலிலிருந்து.

படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. கூரை. சுவர். வலை. மணல் தொடங்கும்போது நாலரை. கறுப்பு நடுவே சின்னச் சின்ன வெயில் கட்டங்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.

அச்செடுத்துக்கொண்டு ஐந்துக்கு முன் பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆமிக்காரன் நிழலின் கண்ணிகளை விரலால் தடவிப் பார்த்தான். அட்டையைத் தந்தான். பழைய படத்தைத் தரவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். புதுப் படத்தோடு நாவற்குடாவுக்கு மிதித்தேன்.

மாமியிடம் கதையைச் சொன்னேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கறுப்பையும் விட்டிருக்கலாமே மனே. மறுகா ஷெல் வந்தா நாங்க எங்க போய்ப் படுக்கிற?"

இருவரும் சிரித்தோம். அட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். திரும்பிப் போகவும் அதே பாலம்தான்.