சுத்தியல் நின்றபோது

பக்கத்து வீட்டில் கட்டிய புதுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒருவர் கான்கிரீட்டுக்கு அடித்த பலகையைப் பிரிக்கிறார். சுத்தியல் சத்தத்தோடு ஊறிய பலகையின் புளித்த வாடையும் வருகிறது.

எழுபதுகளில், தூத்துக்குடியில், கடலில் மூச்சடக்கிச் சங்கு குளிக்கும் என் அப்பா எங்கள் கிணற்றையொட்டி இப்படியொரு தொட்டி கட்டினார். மூன்று வாரம் மூடிக்கிடந்த அதற்குள் பலகை பிரிக்க இறங்கினார்.

"கயித்தக் கெட்டிட்டு எறங்குங்க அத்தான்," என்றார், கடலில் அவருக்குக் கயிறு பிடிக்கும் என் மாமா.

"ஏலே, இது என்ன கடலா?" என்று அப்பா சிரித்தார்.

மனசு கேட்காமல் மாமா கயிறெடுக்கப் போனார். உள்ளே சுத்தியல் நின்றது. அப்பா மூச்சடக்கி விளையாடுகிறார் என்று நினைத்து, மேலே நின்ற நான் வழக்கம்போல் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மாமா கயிற்றோடு வந்தபோது நூற்றிருபது. அதற்குள் தொட்டியின் கெட்ட காற்று அப்பாவை முடித்திருந்தது.

பக்கத்து வீட்டில் சுத்தியல் நின்றுவிட்டது. நான் எண்ணவில்லை. கத்திக்கொண்டே ஓடுகிறேன்.